அந்தமானில் தேடாதீர்கள், எழும்பூரில் தொடங்குங்கள்

கேள்வி: என் பூட்டனாரின் தாத்தாவை வெள்ளைக்காரன் காலத்தில் தீவாந்தரம் (கடல் கடந்து நாடு கடத்தும் தண்டனை) அனுப்பிவிட்டார்கள் என்று வீட்டில் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். எங்கள் பூர்வீக ஊர் ஒட்டப்பிடாரம் பக்கம். அவர் ஊமைத்துரை படையில் இருந்தவர், அந்தமான் சிறையில் இறந்தார் என்று பெரிய மாமா சொல்கிறார். வீட்டுப் பரணில் பழைய ஒற்றிப் பத்திரம் ஒன்று கிடைத்தது. படம் இணைத்திருக்கிறேன். அதில் அவருடைய மனைவி, ‘தீவாந்தர சிட்சையாகிப் போன’ இன்னாரின் பெண்சாதி என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, எட்டு வயது மகனுக்கும் தனக்குமாக நிலத்தை ஒற்றி வைக்கிறார். மாமா அதை 1828 என்கிறார். அந்தமானில் பதிவேட்டில் பெயரைத் தேடி எடுத்துத் தருவதாக ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒருவேளை அவர் கொலையோ கொள்ளையோ செய்தவராக இருந்தால் என் அம்மா தாங்கமாட்டார். தேடத்தான் வேண்டுமா? – ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 40,000 ரூபாய். கொடுக்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவர் தேடப்போகிற இடத்தில் உங்கள் முன்னோரின் தண்டனைப் பதிவு இருக்க வழியில்லை. இதை உங்கள் பத்திரத்தை வைத்தே சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தின் முதல் வரியில் ஆண்டு தமிழ் எண்ணில் இருக்கிறது: ௲௨௰௮. கடைசி 28-ஐ உங்கள் மாமா சரியாகத்தான் படித்திருக்கிறார். முன்னால் உள்ள ௲ என்பது ஆயிரம். எண்ணூறு அதில் எங்கும் இல்லை. ஆக அது 1828 இல்லை, 1028. ஆயிரத்து இருபத்தெட்டாம் வருஷமா என்று திகைக்க வேண்டாம். அது கொல்லம் ஆண்டு, கேரளத்தில் வழங்கும் ஆண்டுக் கணக்கு. திருநெல்வேலிச் சீமையில் பத்திரங்களிலும் கோயில் கணக்குகளிலும் கொல்லம் ஆண்டு எழுதுவது அன்றைக்குச் சாதாரணம். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். தை மாதப் பத்திரம் என்றால் 825-ஐக் கூட்ட வேண்டும். 1853 ஜனவரி, பிப்ரவரி என்று வருகிறது.

சரியாகப் படித்தோமா என்று பார்க்க அதே வரியில் இன்னொரு சாட்சி இருக்கிறது. ‘பரிதாபி வருஷம் தை மாசம்’ என்று எழுதியிருக்கிறார்கள். பரிதாபி 1852 சித்திரையில் பிறந்து 1853 பங்குனியில் முடிந்தது. இரண்டும் பொருந்துகின்றன. பழைய பத்திரம் கையில் கிடைத்தவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்: ஆண்டு எண்ணை மட்டும் நம்பாதீர்கள், அறுபது வருஷப் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். எழுதினவர் கை தவறியிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

1853 தை மாதத்தில் மகனுக்கு எட்டு வயது. அப்படியானால் 1844 வாக்கில் அந்த மனிதர் ஊரில்தான் இருந்திருக்கிறார். 1853 தொடக்கத்தில் அவர் இல்லை. விசாரணை, தண்டனை, கப்பல் எல்லாம் இந்த ஒன்பது வருஷத்துக்குள் நடந்தவை. ஒன்பது வருஷ இடைவெளியோடு தேடலைத் தொடங்குகிறவர்கள் மிகக் குறைவு. பரணில் கிடந்த அந்த ஒற்றைத் தாள் உங்களுக்கு எவ்வளவு வேலையை மிச்சப்படுத்தியிருக்கிறது என்று பாருங்கள்.

இப்போது அந்தமான். போர்ட் பிளேரில் கைதிகளின் குடியிருப்பு தொடங்கியது 1858 மார்ச் 10. சிப்பாய்ப் புரட்சி முடியும் தறுவாயில் ஜே.பி. வாக்கர் என்ற ஜெயில் கண்காணிப்பாளர் 200 கைதிகளோடு போய் இறங்கினார். அதற்கு முன் 1789-இலிருந்து 1796 வரை ஒரு சிறு குடியேற்றம் இருந்து, காய்ச்சலும் சாவுமாகக் கைவிடப்பட்டது. நடுவில் அறுபது வருஷத்துக்கு மேல் அங்கே ஆங்கிலேயரின் கைதிகள் கிடையாது. எல்லோரும் போய்ப் பார்க்கிற செல்லுலார் ஜெயிலைக் கட்டத் தொடங்கியதே 1896-இல், முடித்தது 1906-இல். 1853-க்கு முன் தண்டனை பெற்றவரை அங்கே தேடச் சொல்வது, பிறக்காத பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு கேட்பது மாதிரி.

அப்படியானால் எங்கே போனார்? 1840-களில் சென்னை மாகாணத்திலிருந்து தீவாந்தரம் என்றால் பெரும்பாலும் மலாக்கா நீரிணைக் குடியேற்றங்கள்தான்: பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர். இவற்றுக்கு அடுத்த வாய்ப்பு பர்மாவின் தெனாசரிம் கரை, குறிப்பாக மௌல்மீன். என்னைக் கேட்டால் சிங்கப்பூரை முதலில் வைப்பேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

உங்கள் மாமாவின் ஊமைத்துரைக் கதையையும் பேசிவிட வேண்டும். அவர் அதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. உங்கள் ஊர்ப்பக்கம் அந்த நினைவு உண்மையான ஒரு சம்பவத்திலிருந்து வருகிறது. பாளையக்காரர் போர் முடிந்ததும், 1802 பிப்ரவரியில், தூத்துக்குடியிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். சிவகங்கையின் வேங்கன் பெரிய உடையணத் தேவர் அதில் இருந்தார். சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் இருந்தார், அப்போது அவர் சிறுவன். அந்தப் போரில் கம்பெனிப் பக்கம் நின்று சண்டையிட்ட வெல்ஷ் என்ற அதிகாரி, 1818-இல் பினாங்கில் துரைசாமியைத் திரும்பப் பார்த்ததைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். முப்பது வயதைத் தாண்டியிருக்கக்கூடிய ஒருவர், தளர்ந்துபோன கிழவராக வந்து நின்றார். பெயர் சொன்ன பிறகுதான் வெல்ஷுக்கு அடையாளமே தெரிந்தது. படித்தால் நெஞ்சு அடைக்கும்.

ஆனால் 1802-இல் கப்பலேறியவருக்கு 1853-இல் எட்டு வயது மகன் இருக்க முடியாது. உங்கள் முன்னோர் பிறந்ததே அந்தப் போர் முடிந்த பிறகாக இருக்கலாம். ஊரில் இரண்டு தீவாந்தரக் கதைகள் இருந்து, நூற்றைம்பது வருஷத்தில் ஒன்றாகிவிட்டன என்று நினைக்கிறேன். மாமாவிடம் இதைச் சொல்லும்போது கொல்லம் ஆண்டுக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். அவரே விரல்விட்டுக் கணக்குப் போட்டுக்கொள்வார். “உங்கள் கதை பொய்” என்று தொடங்கினால் அப்புறம் அவரிடம் உள்ள மற்ற காகிதங்கள் வெளியே வராது.

தேடல் தொடங்க வேண்டிய இடம் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கடலுக்கு அப்பால் போனவரைத் தேடும்போது எல்லோரும் அந்தக் கரையிலிருந்து தொடங்குகிறார்கள். அங்கே ஆயிரக்கணக்கான முத்துசாமிகளும் மாடசாமிகளும் ராமசாமிகளும் இருப்பார்கள். யார் உங்களுடையவர் என்று தெரிய அவருடைய தகப்பன் பெயர், ஊர், தண்டனை பெற்ற தேதி வேண்டும். அவை மூன்றும் பதிவானது இங்கே, வழக்கு நடந்த இடத்தில்.

வழக்கு எப்படி நகர்ந்தது என்பதைச் சொன்னால் எந்தக் கட்டைக் கேட்க வேண்டும் என்று புரியும். அந்தக் காலத்தில் ஊரில் ஒரு குற்றம் நடந்தால் கிராம முன்சீப் தாசில்தாருக்குத் தெரிவிப்பார். தாசில்தார்தான் போலீசுக்கும் தலைவர். வரி வசூலிக்கிறவரும் அவரே, திருடனைப் பிடிக்கிறவரும் அவரே. அங்கிருந்து வழக்கு மேலே போய், 1843-க்குப் பிறகு என்றால் மாவட்ட செஷன்ஸ் நீதிபதி முன் வரும். உங்கள் ஊர் இன்று தூத்துக்குடி மாவட்டம். ஆனால் அந்த மாவட்டம் 1986-இல் பிரிந்தது. நீங்கள் கேட்க வேண்டியது திருநெல்வேலி செஷன்ஸ். கனமான வழக்குகளைச் சென்னையில் இருந்த ஃபௌஜ்தாரி அதாலத் என்ற தலைமைக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பி, அங்கே முடிவு செய்வார்கள். 1862-இல் உயர் நீதிமன்றம் வரும்வரை இந்த ஏற்பாடுதான்.

ஆகவே எழும்பூரில் கேட்க வேண்டியவை, முக்கியத்துவ வரிசையில்: நீதித்துறை நடவடிக்கைக் கட்டுகள், 1844 முதல் 1853 வரை. ஃபௌஜ்தாரி அதாலத் தொடர்பான பதிவுகள். பிறகு திருநெல்வேலி கலெக்டர் அலுவலகப் பதிவுகள். ஒவ்வொரு வருஷக் கட்டுக்கும் பெயர் அட்டவணை இருக்கும். நேரே கட்டைக் கேட்காமல் அட்டவணையை முதலில் வாங்கிப் பாருங்கள். கைதிகள், தீவாந்தரம், கப்பல் ஏற்பாடு என்ற தலைப்புகள் எல்லாவற்றையும் புரட்டுங்கள். ஃபௌஜ்தாரி அதாலத்தின் முக்கியமான தீர்ப்புகள் 1850-களில் அச்சிலும் வந்திருக்கின்றன. உங்கள் வழக்கு 1851, 1852-இல் நடந்திருந்தால் அச்சிலேயே கிடைக்க ஒரு வாய்ப்பு உண்டு, அதனால் அதை ஒரு நாள் ஒதுக்கிப் பார்த்துவிடுங்கள். இதே நடவடிக்கைக் கட்டுகளின் நகல்கள் கப்பலில் லண்டனுக்கும் போயின. இந்தியா ஆபீஸ் பதிவுகள் என்ற பெயரில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. எழும்பூரில் ஒரு கட்டு செல்லரித்துப் போயிருந்தால் அதோடு கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

பெயர்களை எப்படித் தேடுவது என்று சொல்கிறேன். இதில்தான் பலர் தவறவிடுகிறார்கள். தமிழில் சொன்னதைக் காதில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியவர்கள் ஒரே ஆளை மூன்று தாளில் மூன்று விதமாக எழுதினார்கள். மாடசாமி ‘மௌடாசாமி’ ஆவார், முத்து ‘மூட்டூ’ ஆவார், சுடலை என்ற பெயருக்கு நான் பார்த்த எழுத்துக்கூட்டல்களை இங்கே அடுக்கினால் நீங்களே நம்பமாட்டீர்கள். திருநெல்வேலி ‘டின்னவெல்லி’, தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’. உங்கள் முன்னோரின் பெயரை ஒரு வெள்ளைக்காரர் எப்படியெல்லாம் உச்சரிப்பார் என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து சொல்லிப்பார்த்து, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். தகப்பன் பெயருக்கும் அப்படியே. ஊர்ப் பெயருக்குப் பதில் அருகிலிருந்த பாளையத்தின் பெயரையோ ஜமீனின் பெயரையோ எழுதியிருப்பார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தேடுவதில் மிக அருமையான தாள் ஒன்று உண்டு. கைதிகளைக் கப்பலேற்றும்போது கூடவே ஒரு விவரப் பட்டியல் போகும். பெயர், தகப்பன் பெயர், சாதி, வயது, உயரம், அங்க அடையாளம், ஊர், குற்றம், தண்டனைத் தேதி, எத்தனை வருஷம். ‘இடது முழங்கையில் வெட்டுத் தழும்பு’, ‘முகத்தில் அம்மைத் தழும்பு’, ‘காது வளர்த்தவர்’ என்ற மாதிரியான குறிப்புகள் இருக்கும். போட்டோ இல்லாத காலத்து மனிதர் ஒருவரின் உடம்பைப் பற்றி நமக்குக் கிடைக்கக்கூடிய ஒரே எழுத்து அதுதான். ஓடிப்போனால் பிடிக்க எழுதி வைத்தார்கள். அந்தப் பட்டியலில் சாதிக் கட்டத்தில் இன்றைக்கு நாம் வாயால் சொல்லாத சொற்களும் இருக்கலாம், மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

அங்க அடையாளத்தில் இன்னொரு செய்தியையும் தேடுங்கள். 1849 வரை ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்பும் வழக்கம் இருந்தது. அந்த வருஷம் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். உங்கள் ஒன்பது வருஷம் சரியாக அந்த எல்லைக்கு இருபுறமும் விழுகிறது. 1849-க்கு முன் போனவர் என்றால் அவர் அந்த எழுத்தோடு வாழ்ந்திருக்கலாம். தலைப்பாகையை நெற்றிவரை இறக்கிக் கட்டி அதை மறைத்துக்கொண்டு நடமாடியவர்களைப் பற்றிக் குறிப்புகள் இருக்கின்றன.

சரி, கடலுக்கு அந்தப் பக்கம். சிங்கப்பூரை முதலில் வைப்பேன் என்றேனே, காரணம் பதிவுகள். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் நீரிணைக் குடியேற்றப் பதிவுகள் 1800-இலிருந்து 1867 வரை இருக்கின்றன. பினாங்குக்கும் மலாக்காவுக்கும் உரிய பல கடிதங்களும் அதற்குள்ளேயே அடங்கும். அக்காலச் செய்தித்தாள்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. கோவில்பட்டியில் உட்கார்ந்தே தேடலாம். சாதாரணக் கைதியின் பெயர் செய்தித்தாளில் அரிதாகத்தான் வரும். தப்பி ஓடினாலோ, விபத்தில் செத்தாலோ, போலீஸ் கோர்ட்டில் நின்றாலோ வரும். ஆனால் அவர் எந்தச் சாலையில் கல் உடைத்திருப்பார், என்ன வேலை நடந்துகொண்டிருந்தது என்பதெல்லாம் வாரத்துக்கு வாரம் கிடைக்கும்.

சிங்கப்பூருக்கு இந்தியக் கைதிகள் முதலில் வந்தது 1825 ஏப்ரலில், சுமத்ராவின் பென்கூலனிலிருந்து. முதலில் இறங்கிய 80 பேரும் சென்னை மாகாணத்திலிருந்து தண்டனை பெற்றுப் போனவர்கள். அதற்கப்புறம் இந்தியாவிலிருந்து நேராகவே வரத் தொடங்கினார்கள். வந்தவர்களை வகுப்புகளாகப் பிரித்தார்கள். புதிதாக வந்தவர் காலில் விலங்கோடு சாலை வேலைக்குப் போவார். நடத்தை நன்றாக இருந்தால் படிப்படியாக விலங்கு கழலும், தொழில் கற்பிப்பார்கள், கைதிகளையே மேஸ்திரிகளாகவும் காவலர்களாகவும் வைத்தார்கள். முதல் வகுப்புக்கு வந்துவிட்டால் சிறைக்கு வெளியே தங்கி, தானே சம்பாதித்துப் பிழைக்க அனுமதிச் சீட்டு கிடைக்கும். ஆக வகுப்பு மாறின தேதிகள் கிடைத்தால் ஒரு மனிதரின் வாழ்க்கையை வருஷவாரியாகப் பின்தொடரலாம்.

அங்கே இன்றும் நிற்கிற ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்ல ஆசை. புனித ஆண்ட்ரூ கதீட்ரல், 1856-இல் அடிக்கல் நாட்டி 1861-இல் வழிபாட்டுக்குத் திறந்தது. கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். அதன் உட்சுவரில் பூசியது சென்னைச் சுண்ணாம்பு: கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் வெல்லச் சர்க்கரையும் கலந்து, தேங்காய் மட்டையை ஊறவைத்த தண்ணீர் விட்டுக் குழைத்து, காய்ந்ததும் பளிங்கு மாதிரி மினுங்கும்வரை கல்லால் தேய்ப்பார்கள். கைதிகளை நிர்வகித்த மக்நெய்ர் என்ற அதிகாரி 1899-இல் வெளியிட்ட நூலில் இந்தப் பக்குவத்தை எழுதி வைத்திருக்கிறார். நம் ஊர்ப் பழைய வீடுகளில் கண்ணாடி போல மின்னும் சுவர்களைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அதே கைவேலை. உங்கள் முன்னோர் கொத்து வேலை தெரிந்தவரா என்று மாமாவிடம் கேட்டுவையுங்கள். தொழில் தெரிந்தவர்களை அங்கே தேடிப் பிடித்து வேலை கொடுத்தார்கள். மக்நெய்ர் நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலம் எளிது, பெயர்கள் அதிகம் இல்லை என்றாலும் நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். மேலதிகாரி பார்வையில் எழுதியது என்பதை மட்டும் மறக்காதீர்கள். அவருடைய சிறை அவர் கண்ணுக்கு மிக நல்லதாகவே தோன்றும்.

பிறகு அவர் என்ன ஆனார்? மூன்று வழி உண்டு. இறந்திருக்கலாம். இறந்த கைதிகள், தப்பிய கைதிகள் பற்றிய பட்டியல்கள் அந்தப் பதிவுகளுக்குள் இருக்கின்றன. அல்லது ஏழு, பதினான்கு வருஷம் என்று கெடு இருந்து, அது முடிந்து ஊர் திரும்ப உரிமை பெற்றிருக்கலாம். பத்திரத்தில் தண்டனைக் கெடு எதுவும் இல்லை, வீட்டிலும் அவர் திரும்பிய கதை இல்லை. அல்லது அனுமதிச் சீட்டு பெற்று அங்கேயே தங்கியிருக்கலாம். அப்படித் தங்கியவர்கள் ஏராளம். பால் மாடு வைத்தார்கள், வண்டி ஓட்டினார்கள், அங்குள்ள பெண்களை மணந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் அந்த ஊர் மக்களோடு மக்களாகக் கலந்துவிட்டார்கள். உங்களுக்குப் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ வேறு மதத்தில், வேறு மொழி பேசுகிற உறவினர்கள் இருக்கலாம். இதை அம்மாவிடம் முன்கூட்டியே மெதுவாகச் சொல்லிவையுங்கள். இங்கே ஒரு பெண் நிலத்தை ஒற்றி வைத்துப் பிள்ளையை வளர்த்துக்கொண்டிருந்தபோது அங்கே அவர் இன்னொரு குடும்பம் வைத்திருந்தார் என்று தெரியவந்தால், பழைய குற்றத்தைவிட அதுதான் அதிகம் வலிக்கும்.

அந்தமான் என்று வீட்டில் ஏன் சொன்னார்கள் என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. 1867 ஏப்ரல் 1 முதல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசின் கையிலிருந்து லண்டன் காலனி அலுவலகத்தின் கைக்கு மாறின. அதன் பிறகு சிங்கப்பூரின் கைதிக் குடியிருப்பைக் கலைத்தார்கள். 1873-இல் அது மூடப்பட்டபோது, விடுதலை கிடைக்காத கைதிகளை அந்தமானுக்கு மாற்றினார்கள். உங்கள் முன்னோர் அப்போது உயிரோடு இருந்து, விடுதலை பெறாமல் இருந்திருந்தால், வயதான காலத்தில் அந்தமானுக்கும் போயிருக்கக்கூடும். இதைக் கடைசிப் படியாக வைத்துக்கொள்ளுங்கள். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ இணையதளத்தில் உள்துறையின் போர்ட் பிளேர் கோப்புகளைத் தேடலாம். 1873-ஐ ஒட்டிய கோப்புகளில் அவர் பெயர் வந்தால் மாமாவின் கதையில் பாதி உண்மை என்று ஆகும். ஆனால் சிங்கப்பூர்ப் பதிவில் அவரைக் கண்டுபிடிக்காமல் அங்கே போகாதீர்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. அவர் கொலையாளியாக இருந்தால்?

தீவாந்தரம் என்பது பெரும்பாலும் கொலை, கூட்டுக் கொள்ளை போன்ற கனமான குற்றங்களுக்குக் கொடுத்த தண்டனை. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. உங்கள் முன்னோரின் பெயருக்கு எதிரே அப்படி ஒரு சொல் இருக்க அதிக வாய்ப்பு உண்டு. ஆனால் அந்தச் சொல்லைப் பார்த்தவுடன் கட்டை மூடிவிடாதீர்கள். சாட்சிகள் சொன்னதைப் படியுங்கள். உங்கள் சீமையில் பாளையங்களை அழித்த பிறகு, ஊர்க்காவல் உரிமையையும் காவல் கூலியையும் கம்பெனி எடுத்துவிட்டது. தலைமுறைகளாகக் காவல் பார்த்தவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் அரசுக்கும் இடையே அதன் பிறகு பல பத்தாண்டுகள் தகராறு நடந்தது. காவல் கூலியை வழக்கப்படி கேட்டது ஒருவர் வாயில் உரிமை, இன்னொருவர் எழுத்தில் கொள்ளை. தண்ணீர்த் தகராறு, எல்லைத் தகராறு எல்லாம் கொலைவரை போயிருக்கின்றன. உங்கள் வழக்கு அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. படித்தால்தான் தெரியும்.

‘குற்றத்தை ஒப்புக்கொண்டான்’ என்ற வரி இருந்தால் அதை இன்னும் நிதானமாகப் படிக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்கும் சித்திரவதை நடக்கிறது என்ற புகார் லண்டன் பாராளுமன்றம் வரை போய், விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். அதன் அறிக்கை 1855-இல் வந்தது. விரலைக் கட்டைகளுக்கு நடுவில் வைத்து நெரிக்கும் கிட்டி, ஆளை வளைத்துக் கட்டிப்போடும் அண்ணாந்தாள், இவை இரண்டும் அதில் பெயரோடு இருக்கின்றன. புகாரில் உண்மை இருக்கிறது என்று அந்த அரசே அமைத்த கமிஷனே சொன்னது. உங்கள் முன்னோர் பிடிபட்டது அதற்குச் சில வருஷங்களுக்கு முன்புதான், அதே போலீஸின் கையில். அவர் குற்றமற்றவர் என்று இதனால் நிரூபணம் ஆகாது. ஆனால் தாசில்தார் கச்சேரியில் கொடுத்த வாக்குமூலமும் செஷன்ஸ் நீதிபதி முன் சொன்னதும் வேறுபடுகிறதா என்று கட்டாயம் ஒப்பிடுங்கள். பல வழக்குகளில் கைதி நீதிபதி முன் மறுத்திருப்பார். அந்த மறுப்புதான் ஆங்கில மொழிபெயர்ப்புக்குள் நமக்குக் கேட்கிற அவருடைய சொந்தக் குரல்.

அவர் கொன்றார் என்பது சந்தேகமில்லாமல் தெரிந்தால்? அப்போது கொல்லப்பட்டவருக்கும் ஒரு குடும்பம் இருந்தது, அவர்கள் உங்கள் அடுத்த தெருவிலேயே இன்றும் இருக்கலாம். அந்தப் பெயரைப் பொதுவில் போடாதீர்கள், சமூக ஊடகத்தில் எழுதாதீர்கள். மாமா அவர் படத்தை மாலை போட்டு மாட்ட நினைத்தால், படம் என்று ஒன்று இல்லவே இல்லை, வழக்கைப் படித்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம் என்று சொல்லுங்கள். தியாகி என்று அறிவித்துவிட்டுப் பிறகு ஆவணத்தைத் தேடுவது குடும்பத்துக்கே கஷ்டம்.

அம்மாவுக்காகத் தேடத்தான் வேண்டுமா என்று கேட்டீர்கள். தேடலாம் என்பது என் கருத்து, காரணம் அந்தப் பத்திரத்தில் கைநாட்டு வைத்த பெண். ‘ஜீவனத்துக்கு வேறு வகை இல்லாதபடியால்’ என்று எழுதி ஒற்றி வைத்திருக்கிறார். உங்கள் வீட்டுக் கதையில் தீவாந்தரம் போனவருக்கு ஊமைத்துரை இருக்கிறார், அந்தமான் இருக்கிறது. இந்தப் பெண்ணுக்கு ஒரு வரிகூட இல்லை. நிலத்தை மீட்டாரா, மகன் எப்படி வளர்ந்தான், கலெக்டருக்கு மனு ஏதாவது போட்டாரா? கைதிகளின் குடும்பத்தார் போட்ட மனுக்கள் நீதித்துறைக் கட்டுகளுக்கு நடுவே அவ்வப்போது வருகின்றன. உங்கள் தேடலில் அவருடைய பெயரையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எல்லோரும் அவர் வளர்த்த பிள்ளையின் வழிதான்.

உடனே செய்ய வேண்டியவை: பத்திரத்தின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். முத்திரைக் காகிதம் விற்றவரின் குறிப்பும், ஒற்றி மீட்ட குறிப்பும் பெரும்பாலும் பின்னால்தான் இருக்கும். முன்பக்கத்தில் நான்காவது சாட்சியின் பெயர் மடிப்பில் மறைந்திருக்கிறது. மடிப்பை வலிந்து பிரிக்க வேண்டாம், தாள் உடையும். சாய்வாக வெளிச்சம் அடித்துப் படம் எடுங்கள். பத்திரத்தை லேமினேஷன் செய்துவிடாதீர்கள், செலோடேப்பும் ஒட்டாதீர்கள். இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் தட்டையாக வையுங்கள், போதும். எழும்பூருக்குப் போகும் முன் ஆய்வு அனுமதிக்கான விண்ணப்பத்தையும் அடையாள அட்டை நகலையும் தயார் செய்துகொண்டு, என்னென்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போங்கள். பென்சில் எடுத்துப் போங்கள், பேனா அனுமதி கிடைக்காது. மாமாவையும் கூட்டிப்போனால் நல்லது, பழைய கையெழுத்துப் படிக்க இரண்டு ஜோடி கண் வேண்டும்.

செஷன்ஸ் வழக்கு எண்ணும் தண்டனைத் தேதியும் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். அந்தத் தேதிக்கு அடுத்து சென்னையிலிருந்து எந்தக் கப்பல் கைதிகளை ஏற்றிப் போனது என்பதிலிருந்து சிங்கப்பூர்ப் பதிவுகளில் எந்தத் தொகுதியைத் திறப்பது என்று சொல்லிவிடலாம்.